மட்டாஞ்சேரிக்கு அரை நாள் போதாது

தமிழ்நாட்டிலிருந்து கேரளச் சுற்றுலா போகிறவர்களின் திட்டத்தில் கொச்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் ஆலுவா ரயில் நிலையத்தில் இறங்குவார்கள்; வேன் காத்திருக்கும். ஃபோர்ட் கொச்சியில் சீனவலைக்கு முன்னால் ஒரு படம், வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயத்தில் பத்து நிமிடம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, மிளகும் ஏலக்காயும் வாங்க ஒரு கடை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டி மூணாறு பக்கம் திரும்பிவிடும். இந்த அரை நாள் வழக்கம் போகிறவருக்கும் நல்லதில்லை, ஊருக்கும் நல்லதில்லை. கட்டடத்தை மட்டும் காட்டி, அதைச் சுற்றி வாழும் மக்களைக் காட்டாமல் விடுகிற சுற்றுலா, கடைசியில் அந்த மக்களையே மறந்துவிடுகிறது.

ஆலுவாவை நம்மவர்கள் வண்டி மாற்றும் இடமாகத்தான் அறிவார்கள். கொச்சித் துறைமுகத்தின் கதை தொடங்குவதோ ஆலுவாவைத் தொட்டு ஓடும் பெரியாற்றில். 1341-ல் அந்த ஆற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தை மணலால் தூர்த்தது, தெற்கே கொச்சியில் கடலுக்கு வழி திறந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் விளக்கம். சங்கப் பாடல்களில் யவனக் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி இருந்தது அந்தப் பழைய முகத்துவாரத்தின் பக்கம்தான். முசிறி வழக்கொழிந்த பிறகு வளர்ந்த ஊர் கொச்சி. முசிறியைப் பாடமாகப் படித்து வளர்ந்த தமிழருக்கு இந்த ஆற்றங்கரை அந்நிய மண் ஆகாது.

அதே ஆறுதான் குடிநீரும் கொடுத்தது. மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் உப்புநீர் சூழ்ந்த நிலம். கிணற்று நீர் வாயில் வைக்க முடியாது. வசதி படைத்தவர்களுக்கு ஆலுவாவிலிருந்து படகில் தண்ணீர் வந்தது. மற்றவர்கள் கிடைத்ததைக் குடித்தார்கள். யானைக்கால் நோய்க்கு வெள்ளைக்காரர்கள் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்றால் ஊரின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டில்தான் பெரியாற்று நீர் குழாய் வழியே வரத் தொடங்கியது. இன்றும் அந்தக் கவலை தீர்ந்தபாடில்லை. 2023 தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் பம்புகள் பழுதானபோது மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றார்கள். சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை ஏன் இழுக்கிறோம் என்று கேட்கலாம். அந்தக் குடங்கள் நின்ற தெருக்கள் வழியாகத்தான் சுற்றுலா வேன்களும் போகின்றன.

கொச்சியின் பெயர் உலகின் கீழ்க்கோடி வரை எட்டிய காலம் ஒன்று உண்டு. பெய்ஜிங்கில் 1406 முதல் 1420 வரை மாபெரும் அரண்மனை வளாகம் ஒன்றைக் கட்டியவர் மிங் பேரரசர் யோங்லே. அவர் அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் கொச்சிக்கும் வந்தன. கொச்சி அரசருக்கு 1416-ல் பட்டமும் முத்திரையும் வழங்கி, இங்குள்ள குன்று ஒன்றுக்குச் சிறப்புப் பெயர் சூட்டிக் கல்வெட்டும் கொடுத்தார் யோங்லே. அதே செங் ஹே இலங்கையின் காலியில் வைத்த, 1409 தேதியிட்ட கல்வெட்டில் சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் இருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். யோங்லேயின் அரண்மனை 1925-ல் அருங்காட்சியகம் ஆனது. அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. மாலையில் கதவைச் சாத்திவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மட்டாஞ்சேரியை அப்படிச் சாத்த முடியாது. கூட்டம் போன பிறகும் இங்கே சோறு வேக வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், மறுநாள் வேலைக்குத் துணி உலர வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ‘டச்சு அரண்மனை’ என்று எல்லோரும் சொல்லும் கட்டடத்தைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்கு 1555-ல் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் 1663-ல் பழுது பார்த்ததால் பெயர் அவர்களுடையதாகிவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். காவியும் மஞ்சளும் பச்சையுமாக உருவங்கள் இடைவெளியில்லாமல் நெருக்கி நிற்கின்றன. ஒரு சுவருக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றால்தான் கதை எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பிடிபடும். வேனில் வருகிறவருக்கு அந்தக் கால் மணி கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கதவே பூட்டியிருக்கும். சனிக்கிழமை வந்தாலோ பக்கத்திலுள்ள யூத ஜெப ஆலயம் பூட்டியிருக்கும். வார இறுதிச் சுற்றுலாவாக வருகிற எத்தனையோ குடும்பங்கள் இரண்டில் ஒன்றை இழக்கின்றன.

அந்தப் பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் எழுந்தது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான கையோவிய ஓடுகள். 1968-ல் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். இன்று அந்தச் சமூகத்தில் அங்கே எஞ்சியிருப்பவர்கள் ஓரிருவர் மட்டுமே. இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் விரும்பித்தான் போனார்கள். யாரும் விரட்டவில்லை, சுற்றுலாவும் விரட்டவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு தெருவுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். வீடுகள் கலைப்பொருள் கடைகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. யூதச் சடங்குகளுக்கான துணிகளில் பூவேலை செய்து விற்ற சாரா கோஹன் தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் 2019-ல் காலமானார். அதே ஆண்டு மழையில், சில நிமிட நடை தொலைவில், கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் முகப்பு இடிந்து விழுந்தது. கயிற்றுக் கிடங்காகக் கிடந்து, கவனிப்பாரில்லாமல் நைந்த கட்டடம் அது. வேன்கள் நிற்கும் ஆலயத்துக்கு விளக்கொளி. நிற்காத ஆலயத்துக்கு இடிபாடு. பட்டியலில் இடம்பெறாதது அழியும் என்றால் அந்தப் பட்டியலைத் திருத்தியே ஆக வேண்டும்.

சீனவலையை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் தள்ளி நின்று படமெடுக்கிறார்கள். பலகை மேடைமேல் ஏறி நின்றால்தான் அது எவ்வளவு நுட்பமான பொறி என்று தெரியும். தேக்குச் சட்டம் முப்பது அடிக்கு மேல் உயரம். ஒரு முனையில் விரிந்த வலை; மறுமுனையில் வெவ்வேறு நீளக் கயிறுகளில் தொங்கும் பாறாங்கற்கள். ஓர் ஆள் நடுமரத்தின்மேல் நடந்து போனாலே எடை மாறி வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். சில நிமிடம் விட்டு ஐந்தாறு பேர் கயிற்றை இழுப்பார்கள். கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து அமர, வலை எழும். இழுப்பவர்களின் உள்ளங்கையைப் பார்த்தால் அந்தக் கயிற்றின் எடை புரியும். மழைக்காலம் முடிந்தபின் வலை நிறைய வருவது ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும். மரம் விலை ஏறிப்போனதால் தேக்கு இருந்த இடத்தில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. பயணிகள் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் பத்து இருபதுதான் சில நாட்களில் மீனைவிட நிச்சயமான வருமானம். ஒரு மீனவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அவருடைய வலையைக் கேரளச் சுற்றுலாவின் அடையாளமாக எல்லா விளம்பரத்திலும் அச்சிடுவது நியாயமாகப் படவில்லை.

தமிழ்ப் பயணி கட்டாயம் போக வேண்டிய, ஆனால் பெரும்பாலும் போகாத இடம் ஃபோர்ட் கொச்சியின் வேலி மைதானத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் உடுப்புகளைத் துவைக்கத் தமிழகத்திலிருந்து சலவைத் தொழிலாளர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. குளங்களிலும் குட்டைகளிலும் துவைத்துவந்தவர்களுக்கு 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் ஒரே இடத்தில் சலவைக்கூடம் கட்டிக்கொடுத்தது. தோபிகானா என்றால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். அவர்களுடைய சங்கமே அதை நடத்துகிறது.

வரிசையாகத் தடுப்புச் சுவர் வைத்த தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல். துணி கல்லில் விழும் சத்தம் காலையிலேயே தெருமுனை வரை கேட்கும். வெள்ளைத் துணிக்கு நீலம், பருத்திக்குக் கஞ்சி. அரிசிக் கஞ்சிதான், பாக்கெட் பொடி இல்லை. பின்பக்கம் புல்வெளியில் உலர்த்தும் கொடிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கைச் சற்று விலக்கித் துணியின் முனையைச் செருகினால் போதும், கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் நழுவாது. கிளிப் என்ற பொருளுக்கே அங்கு வேலையில்லை. உள்ளே போனால் நீள மேசைகள், கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டிகள். வயதானவர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கி வைக்கும் லாகவத்தில் ஐம்பது ஆண்டுப் பழக்கம் தெரியும். வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம். முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த மொழி அங்கே பேசப்படுவது எந்தச் சுவரோவியத்துக்கும் குறைந்த பாரம்பரியம் இல்லை.

அங்கேயும் இப்போது கேமராக்கள் வருகின்றன. வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுகிறார்கள். விடுதிகள் பெரிய எந்திரங்கள் வாங்கிவிட்டன, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், தொட்டிகளில் பல ஈரமே காணாமல் கிடக்கின்றன. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தங்கள் இரண்டு சட்டையையாவது அங்கே சலவைக்குப் போடலாம். ஃபோர்ட் கொச்சி விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் தங்கள் படுக்கை விரிப்புகளில் ஒரு பங்கை வேலிக்கு அனுப்புவதை வழக்கமாக்கலாம். ‘பாரம்பரிய விடுதி’ என்று சான்றிதழ் கொடுக்கும் அரசு, அதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

மட்டாஞ்சேரியில் தமிழ்த் தடம் வேலியோடு முடிவதில்லை. காயல்பட்டினத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் நைனா குடும்பங்கள் உண்டு, தமிழ்ப் பிராமணர்கள் உண்டு. கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், சமணர்கள், தக்கினி உருது பேசுகிறவர்கள் என்று நடந்தே கடக்கிற தூரத்தில் பல மொழிகள். குஜராத்தி சாலையின் சமணக் கோயிலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிறார்கள். மாங்காட்டு முக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு, அதாவது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமையின் ஆவிக்கு, மெழுகுவத்தியும் சுருட்டும் வைக்கிறார்கள்.

இன்னொரு இடத்தில் எந்த வேனும் நிற்பதில்லை. துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை என்று ஒன்று இருந்தது. கப்பல் வந்ததும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். விழுந்து புரண்டு ஒரு வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை. மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ராபர்ட் பிரிஸ்டோ கடலடி மண்ணை வாரி வில்லிங்டன் தீவை உருவாக்கி, பெரிய கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கிய பிறகும் இந்த முறை ஒழியவில்லை. அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்து, செய்தலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023-ல் வந்த ‘துறமுகம்’ படம் இந்தக் கதையைத்தான் சொன்னது. மிளகு வாசம் வீசும் பஜார் சாலையில் நடக்கிற பயணிக்கு, அந்த மூட்டைகளைச் சுமந்த தோள்களின் வரலாறும் தெரிய வேண்டாமா?

இவ்வளவும் சொல்லும்போது ஓர் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தனை இடங்களுக்கும் கூட்டத்தைத் திருப்பிவிட்டால் குடியிருப்பவர்கள் மூச்சுத் திணறிப் போவார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலில் புக்சோன் என்ற பழைய ஓட்டு வீட்டுக் குடியிருப்பு இருக்கிறது. அரண்மனைகளுக்கு நடுவே அமைந்த அழகிய தெருக்கள். பயணிகள் பெருகப் பெருக, இரைச்சலும் குப்பையும் தாங்காமல் அங்கு வசித்தவர்கள் வீட்டைக் காலி செய்து போகத் தொடங்கினார்கள். கடைசியில் ஜோங்னோ வட்டார நிர்வாகம், கூட்டம் அதிகமான தெருக்களில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரைதான் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி என்று விதித்தது. 2025 மார்ச் முதல் மீறுகிறவர்களுக்கு ஒரு லட்சம் வோன் அபராதம். அந்த விதி சரியானது. ஆனால் பல குடும்பங்கள் போன பிறகு வந்த விதி அது. மட்டாஞ்சேரிக்கு அந்த அவகாசம் இன்னும் இருக்கிறது.

அவகாசம் நீளாது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. 2012-ல் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே பழைய கிடங்குகளைக் கலைக்கூடங்களாக்கி உலகக் கவனத்தைக் கொண்டுவந்தது. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ 2024-ல் ஃபோர்ட் கொச்சிக்கும் 2025-ல் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டது. ஆலுவாவில் ரயிலை விட்டு இறங்குகிறவர், அந்த ஊரிலேயே மெட்ரோ ஏறி எர்ணாகுளம் போய், ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து மட்டாஞ்சேரி சேரலாம், வேனே தேவையில்லை. நல்ல ஏற்பாடு. வேனில் வந்தவர் பூட்டிய கண்ணாடி வழியே பார்த்த ஊரைப் படகில் வருகிறவர் நடந்து பார்ப்பார். தேநீர் குடிப்பார், நாலு பேரிடம் பேசுவார். ஆனால் நடந்து வருகிற கூட்டம் ஒடுக்கமான சந்துகளுக்குள்ளும் நுழையும். எந்தச் சந்து எத்தனை மணி வரை என்பதைப் படகுத்துறை நிரம்பி வழிவதற்கு முன்பே, அந்தந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து மாநகராட்சி முடிவு செய்ய வேண்டும்.

சுற்றுலாவே வேண்டாம் என்று மட்டாஞ்சேரியில் யாரும் சொல்லவில்லை. 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. பிறகு கொரோனா வந்தது. தெரு வெறிச்சோடியபோது ஆட்டோ ஓட்டுநருக்கும் கடைப் பையனுக்கும் வருமானம் நின்றது. பயணிகள் வர வேண்டும். அவர்கள் கொண்டுவரும் பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஊருக்குள்ளேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியின் துருத்தியில், ஒண்டுக் குடித்தனங்களில் நெருங்கிக் கிடந்தவர்களுக்காகக் கட்டிய இரட்டை அடுக்குமாடிகள் 2025-ல் திறக்கப்பட்டன, 394 வீடுகள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு வந்தாலும், மேற்குக் கொச்சியின் பாரம்பரியத்தைக் காக்க அண்மையில் நடந்த மிகப் பெரிய வேலை அதுதான் என்று துணிந்து சொல்லலாம். சமைக்கிறவரும் சுமக்கிறவரும் வலை இழுப்பவரும் அங்கேயே குடியிருந்தால்தான் ஊர் ஊராக இருக்கும். அடுத்த பணம் ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாய்க்குப் போகட்டும். சாக்கடையாகிப்போன அந்த நீர்வழி மழைக்காலத்தில் ஏறுவது ஏழைகளின் வீட்டுக்குள்தான். அதற்கு அடுத்தது சீனவலைகளின் மரத்துக்கும், வேலியின் தொட்டிகளுக்கும், கடவும்பாகத்தின் சுவருக்கும். கல் பாவிய நடைபாதையும் அலங்கார விளக்கும் பிறகு வரலாம்.

தமிழ்நாட்டுப் பயண நிறுவனங்கள் செய்யக்கூடியது இதைவிட எளிது. கொச்சிக்கு இரண்டு நாள் ஒதுக்கட்டும், அதுவும் ஞாயிறு முதல் வியாழனுக்குள். முதல் நாள் அரண்மனையும் ஜெப ஆலயமும் பஜார் சாலையும். மறுநாள் காலை சீனவலையும் வேலியும். திரும்பும் வழியில் ஆலுவாவில் ஒரு மணி நேரம் பெரியாற்றங்கரையில் இறங்கட்டும். ஸ்ரீ நாராயண குரு 1924-ல் சர்வமத மாநாடு கூட்டிய அத்வைத ஆசிரமம் அங்கே இருக்கிறது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி. சதாசிவ ஐயர். ஆசிரமம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.